கீரையும் சமையல் எண்ணெயும்: எதில் என்ன சத்து? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் மகளிர் குழுக் கூட்டங்களில் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போனால், பேச்சு கடைசியில் கீரையிலும் எண்ணெயிலும்தான் வந்து நிற்கும். நூறு கிராம் கீரையில் 23 கலோரி, நூறு கிராம் எண்ணெயில் 900 கலோரி என்று போனில் ஓர் அட்டவணை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எண்ணெயை அடியோடு நிறுத்தியவர்களும் உண்டு, ‘கீரையில் அப்படி என்னதான் இருக்கிறது’ என்று கைவிட்டவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும்தான். அதனால் அங்கே கேட்கப்பட்ட கேள்விகளையும் அதற்கான பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எண்கள் எல்லாம் ஆய்ந்து சுத்தம் செய்த பச்சைக் கீரைக்கானவை. மண், பருவம், இலையின் முற்றல் இவற்றைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும்.

நேராகச் சொல்லுங்கள்: நூறு கிராம் கீரையில் என்ன இருக்கிறது, நூறு கிராம் எண்ணெயில் என்ன இருக்கிறது?

பாலக்கீரையை எடுத்துக்கொள்வோம். நூறு கிராமில் 91 கிராம் வெறும் தண்ணீர். மிச்சமிருக்கும் ஒன்பது கிராமுக்குள்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. புரதம் சுமார் 3 கிராம், மாவுச்சத்தும் நார்ச்சத்தும் சேர்ந்து மூன்றரை கிராம், கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. சுண்ணாம்புச்சத்து 100 மில்லிகிராம், இரும்புச்சத்து 2.7 மில்லிகிராம், மெக்னீசியம் 80, பொட்டாசியம் 550, வைட்டமின் சி 28 மில்லிகிராம். ஃபோலேட் என்ற பி வைட்டமின் 190 மைக்ரோகிராம், வைட்டமின் கே 480 மைக்ரோகிராம், உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் 5,600 மைக்ரோகிராம். இத்தனையும் சேர்த்து 23 கலோரி.

எண்ணெயில் நூறு கிராமும் கொழுப்புதான். தண்ணீர், புரதம், நார்ச்சத்து, இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின் சி எதுவும் கிடையாது. 900 கலோரி. ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உடல் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாத லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு வகை எண்ணெயிலிருந்துதான் நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. வைட்டமின் ஈ சூரியகாந்தி எண்ணெயில் 40 மில்லிகிராம், கடலை எண்ணெயில் 15 மில்லிகிராம் அளவில் உண்டு. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. கீரையில் இருக்கும் அந்தச் சொற்பக் கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு ஒமேகா-3 வகை, அதுவும் உடல் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாததுதான். சூரியகாந்தி எண்ணெயில் அது பெயருக்குத்தான் இருக்கும். அளவு குறைவு என்றாலும், கீரை இந்த இடத்திலும் தன் பங்கைக் கொடுக்கிறது.

அப்படியானால் எண்ணெய் கீரையைவிட நாற்பது மடங்கு கெட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. எடைக்கு எடை ஒப்பிடுவது தராசுக்குச் சரி, தட்டுக்குச் சரிவராது. யாரும் நூறு கிராம் எண்ணெயை ஊற்றிக் குடிப்பதில்லை.

சிலர் கலோரிக்குக் கலோரி ஒப்பிடுவார்கள். நூறு கலோரிக்கு 430 கிராம் கீரை வேண்டும், எண்ணெய் என்றால் 11 கிராம், அதாவது இரண்டரை டீஸ்பூன் போதும். அந்தக் கீரையில் 12 கிராம் புரதமும் 12 மில்லிகிராம் இரும்பும் 430 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் இருக்கும். எண்ணெயில் மூன்றுமே பூஜ்யம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருவர் ஒரு வேளைக்கு அரைக் கிலோ கீரையும் சாப்பிடப் போவதில்லை. ஆகவே கீரையை ஓஹோவென்று தூக்கி வைக்கும் இந்தக் கணக்கும் பாதி உண்மைதான்.

எனக்குச் சரியென்று படுவது தட்டுக் கணக்கு. ஆய்ந்த கீரை 200 கிராம், நாலு பேருக்கு. ஆளுக்கு 50 கிராம் கீரை, தாளிப்பில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். கீரையிலிருந்து 12 கலோரி, எண்ணெயிலிருந்து 40 கலோரி. மொத்தம் 52. அதில் முக்கால் பங்குக்கு மேல் எண்ணெயிலிருந்து வருகிறது. அதே தட்டில் ஃபோலேட் 95 மைக்ரோகிராம், பீட்டா கரோட்டின் 2,800 மைக்ரோகிராம், வைட்டமின் கே 240 மைக்ரோகிராம், இவை முழுக்கக் கீரையிலிருந்து. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான ஃபோலேட் 220 மைக்ரோகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. ஒரு கரண்டி கீரைப் பொரியல் அதில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்துவிடும், சமைக்கும்போது கொஞ்சம் போனாலும்.

இதே பொரியலில் ஆளுக்கு மூன்று டீஸ்பூன் எண்ணெய் போனால்? 132 கலோரி ஆகிவிடும். கீரையின் சத்து ஒரு துளிகூட ஏறியிருக்காது. பாட்டிலைச் சாய்த்து நேராக வாணலியில் ஊற்றும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வது இதனால்தான். ஸ்பூனில் எடுத்து ஊற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இந்த எண்களையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள்? வெளிநாட்டுக் கணக்கா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம் தாங்காது, ஏனென்றால் பதில் நம் குன்னூரில் இருக்கிறது.

சிம்ஸ் பூங்கா பக்கம் போகிறவர்கள் பாஸ்டியர் நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். வெறிநாய்க்கடி தடுப்பு மருந்துக்காக 1907இல் தொடங்கியது. அங்கே ஒரே ஓர் அறையில் 1918இல் ராபர்ட் மெக்கேரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். தீட்டிய அரிசியே கதி என்று இருந்தவர்களுக்குக் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, உயிரே போன காலம் அது. அந்த ஓர் அறை பத்தாண்டுகளில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. மெக்கேரிசன் இந்தியாவின் பல பகுதிகளில் மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்கு அப்படியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். பஞ்சாபியர் சாப்பாட்டில் வளர்ந்தவை திடமாக இருந்தன. அன்றைய சென்னை மாகாணத்து ஏழைகளின் அரிசிச் சாப்பாட்டில் வளர்ந்தவை நோஞ்சானாக இருந்தன. அந்த நல்ல சாப்பாட்டில் கோதுமை ரொட்டி, பால், முளைகட்டிய கடலை இவற்றோடு பச்சை முட்டைகோஸும் கேரட்டும் இருந்தன, வெண்ணெயும் இருந்தது. காய்கறி, கொழுப்பு இரண்டையும் சேர்த்தேதான் கொடுத்திருக்கிறார், ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை அல்ல.

அவருக்குப் பின் 1935இல் வந்தவர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு. 1937இல் இந்திய உணவுகளின் சத்து அளவைத் தொகுத்து ஒரு சிறு நூலாகக் கொண்டுவந்தார். இன்று நம் நாட்டில் எந்த உணவு ஆலோசகர் கையிலும் இருக்கும் சத்து அட்டவணைக்கு அதுதான் மூலம். ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. 2017இல் அவர்கள் நாடு முழுக்க மாதிரிகள் எடுத்து 528 உணவுகளைப் புதிதாக அளந்து வெளியிட்டார்கள். இந்தப் படிப்பு வேர்விட்ட மண்ணில் இருந்துகொண்டு, போனில் வரும் அரைகுறை அட்டவணையை நாம் நம்ப வேண்டியதில்லை.

எண்ணெயே இல்லாமல் கீரையை வேகவைத்துச் சாப்பிட்டால் இன்னும் நல்லதல்லவா?

இல்லை. பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, வைட்டமின் கே மூன்றும் கொழுப்பில் கரைபவை. சாப்பாட்டில் கொஞ்சமாவது கொழுப்பு இருந்தால்தான் குடல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பெரும்பகுதி வந்த வழியே வெளியேறிவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டில் 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருந்தால் போதும். அது கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் எண்ணெய். கடுகு, வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளிக்க நம் வீடுகளில் ஊற்றும் அளவே அதுதான்.

அந்த ஒரு ஸ்பூன் எண்ணெய்தான் கீரைக்குக் கதவு. கதவை ஒரு முறை திறந்தால் போதும்; பத்து ஸ்பூன் ஊற்றினால் பத்து மடங்கு சத்து சேராது. எண்ணெய் வேண்டாம் என்கிறவர்கள் தேங்காய்த் துருவலோ, பருப்போடு ஒரு ஸ்பூன் நெய்யோ, வறுத்துப் பொடித்த வேர்க்கடலையோ சேர்த்துக்கொள்ளலாம். வேலை ஒன்றுதான்.

குழந்தைக்குக் கீரை கொடுத்தால் செரிக்காது என்கிறார்களே? எண்ணெயும் சளி பிடிக்கும் என்கிறார் மாமியார்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நன்றாக வேகவைத்து மசித்த கீரையைப் பருப்புச் சாதத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். மத்தியானம் கொடுங்கள், அப்போதுதான் ஒத்துக்கொள்கிறதா என்று பகலிலேயே தெரியும்.

எண்ணெயோ நெய்யோ ஒரு ஸ்பூன் அதில் கட்டாயம் இருக்கட்டும். குழந்தையின் வயிறு சின்னது. கீரையும் கஞ்சியும் பாதிக்கு மேல் தண்ணீர். வயிறு நிறைந்துவிடும், ஆனால் வளரத் தேவையான கலோரி போயிருக்காது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரியைச் சத்தமில்லாமல் உள்ளே சேர்த்துவிடும். எடை ஏறாத குழந்தைகளின் தாய்மார்கள் ‘நிறையத்தான் சாப்பிடுகிறான்’ என்று சொல்லும்போது, கிண்ணத்தில் கொழுப்பு ஏதாவது இருந்ததா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பெரியவர்களுக்குக் குறைக்கச் சொல்லும் அதே எண்ணெய், இங்கே மருந்து மாதிரி. சளிக்குக் காரணம் கிருமி, தாளித்த எண்ணெய் அல்ல.

இங்கே எப்போதும் கீரை கிடைப்பதில்லை. முட்டைகோஸும் இலைதானே, அது ஈடாகுமா?

பாதி ஈடாகும். முளைக்கீரை, அரைக்கீரை எல்லாம் பெரும்பாலும் கீழிருந்து, மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மலையேறி வருகிறவை. மழையில் ரோடு அடைத்தால் அன்றைக்குக் கீரை இல்லை. மார்கழி, தை உறைபனியில் தோட்டத்துக் கீரையும் கருகிவிடும். முட்டைகோஸ் மட்டும் தாக்குப்பிடித்து நிற்கும்.

நூறு கிராம் முட்டைகோஸில் 25 கலோரி, வைட்டமின் சி 36 மில்லிகிராம். வைட்டமின் சி விஷயத்தில் பாலக்கையே மிஞ்சிவிடுகிறது. நார்ச்சத்தும் சமம். ஆனால் இரும்பு அரை மில்லிகிராம்தான், பீட்டா கரோட்டின் ஐம்பது மைக்ரோகிராம்கூடத் தேறாது. பாலக்கில் 5,600, இதில் ஐம்பதுக்கும் கீழே. காரணம் எளிது: உள்ளே சுருண்டிருக்கும் இலைகளுக்கு வெயில் படுவதில்லை. வெயில் படாத இலையில் பச்சையம் குறைவு, பச்சையம் குறைந்த இலையில் கரோட்டினும் குறைவு.

ஒரு முட்டைகோஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே இரண்டு மூன்று இலைகள் தடிமனாக, கரும்பச்சையாக, நரம்பு புடைத்து இருக்கும். அதற்கு அடுத்தது இளம்பச்சை. இன்னும் உரித்தால் மஞ்சள், கடைசியில் வெள்ளை. சத்து அந்த வரிசையிலேயே இறங்கிக்கொண்டு போகிறது. நாமோ முதல் மூன்றையும் உரித்துக் குப்பையில் போட்டுவிட்டு வெள்ளையைச் சமைக்கிறோம். பூச்சி அரித்தது, மருந்து படிந்தது என்றால் எடுத்துவிடத்தான் வேண்டும். யார் தோட்டம், என்ன அடித்தார்கள் என்று தெரிந்த காய் என்றால், மேல் இலையை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, நடு நரம்பை நீக்கி, பொடியாக அரிந்து கூட்டில் போடுங்கள்.

இதைவிட மனசு கேட்காத காட்சி பீட்ரூட், முள்ளங்கி, டர்னிப் அறுவடை. கிழங்கைக் கட்டி மண்டிக்கு அனுப்பிவிட்டு இலையைத் தோட்டத்தோரம் குவித்துவிடுகிறார்கள், மிஞ்சினால் மாட்டுக்கு. நூறு கிராம் பீட்ரூட் கிழங்கில் சுண்ணாம்புச்சத்து 16 மில்லிகிராம், வைட்டமின் சி 5 மில்லிகிராம், வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். அதன் இலையில் சுண்ணாம்புச்சத்து 117, வைட்டமின் சி 30, இரும்பு இரண்டரை மில்லிகிராம், வைட்டமின் ஏ கொடுக்கும் கரோட்டின் பாலக்கில் இருப்பதில் பாதிக்கு மேல். டர்னிப் இலையில் சுண்ணாம்புச்சத்து 190 மில்லிகிராம். முள்ளங்கி இலையும் நல்ல கீரைதான். நம் தோட்டத்திலேயே இத்தனை கீரை இருக்க, கீழிருந்து வண்டி வரவில்லை என்று காத்திருக்கத் தேவையே இல்லை. பாசிப்பருப்போடு சேர்த்து வேகவைத்துப் பூண்டு தாளித்தால் குழந்தைகளும் சாப்பிடுவார்கள்.

ரத்தசோகை என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் கீரை சாப்பிட்டால் சரியாகிவிடுமா?

கீரை மட்டும் போதாது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். 50 கிராம் பாலக்கில் 1.3 மில்லிகிராம் சொச்சம். அதிலும் உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். எண்ணெயில் இரும்பே இல்லை. ஆகவே டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையைக் கீரையை நம்பி நிறுத்திவிடாதீர்கள். கேழ்வரகு, கம்பு, பயறு வகை, சாப்பிடுகிறவர்களாக இருந்தால் ஆட்டு ஈரல், கறி, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த 29ஐ எட்ட வேண்டும்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முட்டுக்கட்டை உண்டு: டீ. சாப்பிட்ட கையோடு, சில வீடுகளில் சாப்பிடும்போதே, ஒரு டம்ளர் ஸ்ட்ராங்கான டீ. டீயில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரை, தானியத்தில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு டீயை விடு என்று சொல்ல எனக்கு மனசு வராது, அந்தக் குளிரில் அது வேண்டும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள், அது போதும். கீரையில் எலுமிச்சை பிழிவதும், கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ தின்பதும் இரும்பு சேர உதவும்.

சுண்ணாம்புச்சத்திலும் இதே கதை. பாலக்கில் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம்; அதில் உள்ள சுண்ணாம்பில் 5 சதவீதம் அளவுதான் உடம்பில் சேரும், பாலில் 30 சதவீதம் அளவு சேரும். முட்டைகோஸ், டர்னிப் இலை குடும்பத்தில் ஆக்சலேட் குறைவு, அதனால் அவற்றின் சுண்ணாம்பு நன்றாகவே சேரும்.

ஊட்டியில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது, ஆனால் கீரை வேக நேரம் ஆகிறது. சத்து போய்விடுமா?

கொஞ்சம் போகும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் போவதில்லை, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 பக்கம். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. அதனால் மசியலுக்குக் கீரை குழைய நேரமாகிறது. வைட்டமின் சியும் ஃபோலேட்டும் தண்ணீரில் கரைபவை, சூட்டில் சிதைபவை. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் வைட்டமின் சி பாதிக்கு மேல் போய்விடும்.

எண்ணெய்க்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மலையானாலும் கீழானாலும் வாணலியில் எண்ணெய் காயும் சூடு ஒன்றுதான். கடுகு அதே வேகத்தில் வெடிக்கும். ஆகவே மலையில் கீரைக்கு நல்ல சமையல் பொரியல்தான் என்பது என் கட்சி. ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்து, அரிந்த கீரையைப் போட்டு, கழுவின ஈரமே போதும் என்று மூடி வைத்து, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். மசியல்தான் வேண்டும் என்றால் குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு விசில், அந்தத் தண்ணீரோடு கடைந்துவிடுங்கள். பச்சை நிறம் மாறாமல் இருக்கச் சோடா உப்பு போடுவது வேண்டாம், அது வைட்டமினைக் கெடுக்கும்.

சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். அவர்கள் பாலக்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவதே நல்லது, ஆக்சலேட்டில் ஒரு பகுதி அதோடு போகும்.

எந்த எண்ணெய் நல்லது?

கலோரியில் எல்லா எண்ணெயும் ஒன்றுதான். மரச்செக்கில் ஆட்டியதும், ரீஃபைண்டும், ஆலிவும் ஒரு டீஸ்பூனுக்கு 40 கலோரி. வித்தியாசம் கொழுப்பின் வகையில் இருக்கிறது, அதை நீலகிரிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அலமாரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள்: வெள்ளையாகக் கல் மாதிரி உறைந்திருக்கும், காலையில் அடுப்போரம் வைத்தால்தான் இளகும். பக்கத்திலேயே சூரியகாந்தி எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். குளிரில் எது சீக்கிரம் கட்டியாகிறதோ அதில் பெரும்பாலும் நிறைகொழுப்பு (‘சாச்சுரேட்டட் ஃபேட்’) அதிகம். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல், பாமாயிலில் பாதி அளவு, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு, சூரியகாந்தியில் பத்தில் ஒரு பங்கு சொச்சம். நிறைகொழுப்பு அதிகமானால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும்.

அதற்காகத் தேங்காய் எண்ணெயைத் தலைக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அவியலுக்குக் கடைசியில் ஒரு ஸ்பூன் ஊற்றுவதால் ஒன்றும் ஆகாது. தினசரிச் சமையலுக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி என்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி வாங்குங்கள் என்பதே என் யோசனை.

ரேஷன் பாமாயில் பாக்கெட்டில் அடியில் வெள்ளையாகத் திரிந்து நிற்கிறதே, கலப்படமா?

அதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. பாமாயில் குளிரில் அப்படித்தான் திரியும். வெந்நீரில் பாக்கெட்டைக் கொஞ்ச நேரம் வைத்தால் தெளிந்துவிடும். கெட்ட வாடை அடித்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

பாக்கெட்டில் வைட்டமின் ஏ, டி சேர்த்தது என்று போட்டிருக்கிறது. அப்புறம் கீரை எதற்கு?

‘எஃப்’ குறியும் கூட்டல் குறியும் போட்ட எண்ணெயில் கிராமுக்கு 6 முதல் 9.9 மைக்ரோகிராம் வரை வைட்டமின் ஏ சேர்த்திருக்க வேண்டும். ஒரு டீஸ்பூனுக்கு 27 முதல் 45 மைக்ரோகிராம். 50 கிராம் பாலக்கின் கரோட்டின் உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறும்போது 230 மைக்ரோகிராம் அளவு தரும். ஒப்பிட்டால் கீரை எங்கேயோ நிற்கிறது. ஆனால் வைட்டமின் டி கீரையில் அறவே இல்லை. ஆடி, ஆவணியில் நாள் கணக்கில் வெயிலே பார்க்காமல் மூடுபனிக்குள் இருக்கும் நமக்கு, எண்ணெயில் சேர்த்த அந்தக் கொஞ்சம் வைட்டமின் டி உபயோகம்தான். தேவை ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராம். ஒரு நாள் எண்ணெயிலிருந்து 3, 4 வரும்.

இயற்கையிலேயே கீரையின் சத்தைத் தாங்கிய எண்ணெய் ஒன்றும் உண்டு: சுத்திகரிக்காத சிவப்புப் பனை எண்ணெய். அதன் சிவப்பே கரோட்டினால் வருவது. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளின் கருவிழி கெட்டுப் பார்வை போகும் நோய்க்கு மருந்தாக இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வைக் குன்னூரிலிருந்து அய்க்ராய்டு 1937இல் வெளியிட்டார். நாம் வாங்கும் பாமாயில் அதே மரத்திலிருந்து வந்தாலும், வெளுத்துச் சுத்திகரிக்கும்போது அந்தக் கரோட்டின் போய்விடுகிறது.

‘கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்’ தனியாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். கொலஸ்ட்ரால் விலங்குணவில் உள்ளது. கடலை, எள், சூரியகாந்தி எதிலும் பேசும் அளவுக்கு அது கிடையாது. பாக்கெட்டில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான்.

இந்தக் குளிருக்கு எண்ணெய் அதிகம் சேர்த்துக்கொள்ள வேண்டாமா? ஒரு நாளைக்கு எவ்வளவு?

சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கும், விறகும் மூட்டையும் சுமக்கிறவர்களுக்கும் கலோரி அதிகம் தேவை. அவர்கள் தட்டில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடையிலோ ஆபீசிலோ உட்கார்ந்திருப்பவருக்கு, குளிர் என்ற ஒரே காரணத்துக்காகத் தனியாக எண்ணெய் தேவைப்படாது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குச் சமையல் எண்ணெயும் நெய்யுமாக 27 கிராம், காய்கறியும் கீரையுமாக 400 கிராம் என்று இருக்கிறது. 27 கிராம் என்றால் ஆறு டீஸ்பூன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். மாதம் எத்தனை பாக்கெட் வெட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள், பல வீடுகளில் ஐந்தைத் தாண்டும். அதற்கு மேல் சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி, டீயில் தோய்க்க இரண்டு வர்க்கி. வர்க்கி அடுக்கடுக்காக வருவதே மாவுக்குள் வைத்து மடிக்கும் கொழுப்பால்தான். வனஸ்பதியில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். எண்ணெய், வனஸ்பதியில் ஊறு தரும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 தொடக்கத்திலிருந்து சட்டம் இருக்கிறது. பஜ்ஜிக் கடை வாணலியில் எண்ணெய் கறுத்து, நுரைத்து, கண்ணெரியும் புகை வந்தால் அந்தக் கடையைக் கடந்து போய்விடுங்கள்.

யூக்கலிப்டஸ் தைலத்தைச் சளிக்கு ஒரு சொட்டு சாப்பிடலாமா?

கூடவே கூடாது. அது சமையல் எண்ணெய் அல்ல, உள்ளே போனால் விஷம். சிறு குழந்தைகளுக்குக் கொஞ்சம் போனாலே வலிப்பு வரை போகும். எண்ணெய் பாட்டில்கள் இருக்கும் அலமாரியில் தைலத்தை வைக்காதீர்கள். தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் கீரையில் கவனிக்க வேண்டியது உண்டா?

இரண்டு பேர் கவனிக்க வேண்டும். முதலில், இதய வால்வு மாற்றியது போன்ற காரணங்களால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மருந்து சாப்பிடுகிறவர்கள்: கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை; ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றாமல், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது எவ்வளவு கீரை சாப்பிடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்து, சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள். இவர்களுக்குக் கீரையின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரோ நானோ அல்ல.